பல்லில்லாத திறப்பு

எங்கள் சங்கத்தின் இருப்புப் புத்தகத்தில் முப்பத்தோராம் இலக்கத்தில் ஒரு திறப்பு இருக்கிறது. பித்தளை, ஒன்று, நிலை நன்று. அது எந்தப் பூட்டையும் திறக்காது. பற்கள் முழுவதும் அரத்தால் ராவப்பட்டு, கரண்டிக் காம்புபோல வழுவழுப்பாக இருக்கிறது. இதுவரை மூன்று கணக்காய்வாளர்கள் வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்து, பச்சை மையால் சரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இது திறக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சுற்றுநிருபத்தில் இல்லை.

பற்களை ராவியவர் காத்தான்குடிக்காரர். தோணிக்காரர்கள் அவரைக் காத்துக் காக்கா, அதாவது காற்று அண்ணன், என்று அழைத்தார்கள். சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தன் பெயர் காகிதத்தில் ஏறுவதை விரும்பாத மனிதர் அவர். லீவு விண்ணப்பத்தில்கூடக் கையெழுத்தை ஒரு மூலையில் ஒளித்துத்தான் வைப்பார்.

நான் முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் பேனா பிடித்தவன். இலிகிதராகச் சேர்ந்து நிருவாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றேன். பென்சன் வந்த அடுத்த மாதமே தேற்றாத்தீவுச் சங்கத்தார் வீட்டுக்கு வந்து, செயலாளராக இருக்கும்படி கேட்டார்கள். சங்கத்துக்கு வாவிக்கரையில் நாலு சிறிய காற்றாலைகளும் ஓர் ஐஸ் ஆலையும் இருந்தன. காற்றாலை கொடுக்கும் மின்சாரத்தில் ஐஸ் ஆலை ஓடும். மிஞ்சுவது பொதுக் கம்பிக்குப் போகும். எனக்குக் காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். "காத்தப் பாக்க ஆள் இருக்கு ஐயா. கணக்குக் கோவையப் பாக்கத்தான் ஆள் இல்ல" என்றார் தலைவர்.

காற்றைப் பார்க்கும் ஆளான காக்காவுடன் முதல் நாளே முட்டிக்கொண்டேன். காரணம் திறப்பு.

ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் ஓர் இரும்புப் பெட்டி. அதில் ஒரு திறப்பு செருகியிருக்கும். இயந்திரம் ஓடும்போது திறப்பை உருவ முடியாது. நிறுத்தும் பக்கம் திருப்பினால்தான் கையோடு வரும். அதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் அவர் மேலே ஏறுவார். நான் அலுவலகச் சுவரில் பலகை அடித்து, ஆணி இறக்கி, இலக்கமும் ஒட்டி, திறப்புகள் இனி இங்கேதான் தொங்க வேண்டும் என்றேன்.

"ஆளில்லாத நேரம் தொங்கட்டும் சேர். ஆள் மேல இரிக்கக்குள்ள திறப்பும் மேலதான் இரிக்கோணும்."

"அப்படி ஒரு விதி எங்க இருக்கு தம்பி?"

"எனக்கிட்ட இரிக்கி."

"நீங்க மேல நிக்கிற நேரம் அவசரமெண்டா நாங்க என்ன செய்யிற?"

"கூப்புடுங்க. இறங்கி வருவன். நான் இறங்கி வாறதுக்குள்ள செய்யோணும் எண்ட அவசரம் ஒண்டும் இந்த மிஷினுக்கு இல்ல."

"என்னில நம்பிக்கை இல்லையா?"

அவர் சிரித்தார். "ஒங்கள நம்பாம இல்ல சேர். நம்பிக்க வேற, திறப்பு வேற."

அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் இடது பையில் சிப் வைத்துத் தைத்திருக்கும். பெருநாள் சட்டையிலும் அப்படித்தான். ஏறுவதற்கு முன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கோபுரத்தடியில் வைத்துவிட்டு சப்பாத்துப் போடுவார், கைபேசியை அலுவலகத்தில் விடுவார், ஸ்பனர், குறடு என்று ஆயுதங்களை எண்ணித் தோள்பைக்குள் போடுவார், பிறகு திறப்பிருக்கும் சட்டைப் பையின் சிப்பை இழுத்து மூடி, மேலே ஒரு தட்டுத் தட்டுவார். பதினேழு ஆயுதம் மேலே போனால் பதினேழும் கீழே வர வேண்டும். ஒருநாள் பதினாறுதான் வந்தது. தலைவர் வந்து நின்று, ஐஸ் கட்டி கரைகிறது, இயந்திரத்தை ஓட்டு என்று சத்தம் போட்டார். காக்கா மறுபேச்சில்லாமல் திறப்போடு திரும்பவும் ஏறிப்போய், கால் மணித்தியாலம் கழித்துச் சின்னத் திருகாணிச் சாவி ஒன்றைக் கொண்டுவந்து தலைவரின் உள்ளங்கையில் வைத்தார். "இது உள்ளுக்குக் கிடந்து கிறுகியிருந்தா, ஐஸ் மட்டுமில்ல, மிஷினும் கரைஞ்சிருக்கும்."

கிறுகுதல் என்றால் எங்கள் பக்கத்தில் சுற்றுதல், திரும்புதல். அவர் தொழிலே கிறுகுவதைப் பற்றியதுதான். அதை யார் கேட்டாலும் விளக்குவார். அவர் மேசையில் சைக்கிள் டைனமோ ஒன்று கைபிடி பூட்டி நிற்கும், அதிலிருந்து ஒரு சின்ன பல்புக்கு வயர். சாமித்தம்பி என்ற தோணிக்காரர், வாய்க்குப் பெயர்போனவர், ஒருநாள் ஐஸ் வாங்க வந்த இடத்தில் கேட்டார்.

"காக்கா, காத்துத் தள்ளுறதாலதானே இந்தச் செட்டை கிறுகுது?"

"பாய் கட்டின தோணியில போறீங்கதானே. பின்னால காத்தடிச்சா எவ்வளவு வேகம்?"

"காத்தட வேகம்தான். அதுக்கு மேல போகாது."

"பக்கத்தால காத்த வாங்கினா?"

"அப்ப பறக்கும்."

"இதுவும் அதுதான். காத்துச் செட்டையத் தள்ளல்ல. செட்டைட முதுகு வளைஞ்சிருக்கு, பாருங்க. அந்த வளைவால ஓடிப் போகக்குள்ள காத்து அதை இழுத்துக்கொண்டு போகுது, ஒங்கட பாய இழுக்கிறாப்போல. தோணி நேர போகும். இது நடுவில அச்சில கட்டியிருக்கிறதால வட்டமாப் போகுது."

பிறகு டைனமோவைச் சுற்றச் சொன்னார். பல்பைப் பூட்டாதவரை கைபிடி லேசாக ஓடியது. பல்பைப் பூட்டியதும் இறுகியது.

"என்ன காக்கா, இடையில பிறேக் புடிக்கிறீங்களா?"

"வெளிச்சம் சும்மா வருமா? ஒங்கட கையில இரிந்துதான் போகுது. உள்ளுக்குச் செம்புக் கம்பி சுத்தியிருக்கு. அதுக்குப் பக்கத்தால காந்தம் ஓடினா கம்பிக்குள்ள கரண்ட் ஓடும். மேல இரிக்கிற பெரிய மிஷினும் இவ்வளவுதான். ஒங்கட கைக்குப் பதிலா காத்து."

"அப்ப காத்துக் கூடினா கரண்ட்டும் கூடும்."

"ரெண்டு மடங்கு காத்தடிச்சா எட்டு மடங்கு பலம்."

"நாலு மடங்கடிச்சா?"

"அறுவத்தினாலு."

"அப்ப நல்லம்தானே."

"நல்லமில்ல. அந்த நேரம் நிப்பாட்டிப்போட்டு வீட்ட போறதுதான் நல்லம்."

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் ஊர் முழுவதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரியும். மேற்கே பழுகாமத்துப் பக்கத்திலிருந்து வாவியைத் தாண்டி வரும் அந்தச் சூட்டில் உதடு வெடிக்கும், உடுப்பு கொடியில் காய்ந்து விறைக்கும். காக்கா மட்டும் ஒரு மாப்பிள்ளையை வரவேற்பதுபோல் வாவிக்கரையில் நிற்பார். ஆனால் காற்றை நேசித்தார் என்று சொல்ல மாட்டேன். அதன் கணக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

அந்தத் திறப்புப் பழக்கம் எங்கே வந்தது என்று ஒருமுறை கேட்டேன். வளைகுடாவில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையில் பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். பிளேன்ரீயை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அங்க ஒருத்தன் இரிந்தான் சேர். கேரளாக்காரன். நல்லாப் பாடுவான். பம்புக்குள்ள இறங்கி வேல செய்தான். திறப்பு வெளியில ஒருத்தன்ட கையில இரிந்த." பிளேன்ரீயைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். நான் அரசாங்கத்தில் எவ்வளவோ விசாரணை அறிக்கைகள் படித்தவன். அவ்வளவு சுருக்கமான ஒன்றைப் படித்ததில்லை. படித்தும் விளங்காமல் இருந்தேன்.

விளங்கவில்லை என்பதற்கு ஆதாரம் முப்பத்தோராம் இலக்கம். ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு பிரதி, அரக்கு முத்திரையிட்ட உறையில், இரும்பு அலுமாரியில் இருக்க வேண்டும். இது நான் கண்டுபிடித்த விதியல்ல, எனக்கு முன்னால் வந்து எனக்குப் பின்னாலும் இருக்கப் போகிற விதி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் லீவில் போன வாரம், இரண்டாம் இயந்திரம் ஒரு உதிரிப்பாகத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் திறப்பு என் பலகையில் தொங்கியது. எடுத்துக்கொண்டு போய்ப் பிரதி வெட்டினேன். காத்தான்குடியிலேயே, அவருடைய வீட்டிலிருந்து நாலு கடை தள்ளி. உறையில் போட்டு, முத்திரையிட்டு, இருப்பில் பதிந்தேன். மற்ற மூன்றுக்கும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டும் என்று விதியில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. கச்சான் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. காற்றாலைக்குப் பண உதவி செய்த வெளிநாட்டுக்காரர்கள் பின்னேரம் பார்க்க வருவதாக இருந்தது. பன்னிரண்டு மணி தாண்டியதும் தலைவர் மட்டக்களப்பிலிருந்து தொலைபேசியில் வந்தார்.

"ஐயா, அவங்க இப்பவே வாறாங்க. அரை மணித்தியாலம். நாலும் கிறுகுதா?"

யன்னலால் பார்த்தேன். "மூண்டு கிறுகுது. ரெண்டாவது காலைல இருந்து நிக்குது."

"ஐயா, மூண்டு கிறுகி ஒண்டு நிண்டா படத்தில அந்த ஒண்டுதான் தெரியும். எப்படியாவது ஓடவிடுங்க."

காக்காவுக்கு அழைத்தேன். அவருடைய கைபேசி அடுத்த மேசையில் கிடந்து மணியடித்தது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். கைபேசியை வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார் என்று தீர்மானித்தேன். வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிளும் இல்லை. பலகையில், நிற்கும் இயந்திரத்தின் திறப்பு தொங்க வேண்டிய இரண்டாம் இலக்க ஆணி வெறுமையாக இருந்தது. வேலை முடியாததால் திறப்பை மறந்து பையில் கொண்டுபோய்விட்டார் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டேன். மறதிக்காரர் அல்லர் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உறையை உடைத்தேன். உடைத்த நேரத்தையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டேன். அதை எழுதிய நேரத்தில் யன்னலால் தலையை நீட்டி ஒருமுறை கூப்பிட்டிருக்கலாம்.

கோபுரத்தடியில் ரப்பர் செருப்பு கிடந்தது. கோயில் வாசலிலோ பள்ளிவாசல் வாசலிலோ செருப்புக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும். ஜும்ஆவுக்கு நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தேன். கைபேசி, ஆணி, செருப்பு என்று மூன்று சாட்சிகள். மூன்றையும் விசாரித்து, மூன்றையும் தள்ளுபடி செய்து, திறப்பைச் செருகித் திருப்பினேன்.

பெட்டிக்குள் ஏதோ முனகியது. மேலே பிறேக் விடுபடும் சத்தம் கேட்டது. மூன்று செட்டைகளும் ஒரு சாண் அசைந்தன. உடனே, தோணி கல்லில் மோதியதுபோல் ஒரு இடி. கோபுரம் என் உள்ளங்காலில் அதிர்ந்தது. செட்டைகள் அப்படியே நின்றுவிட்டன. ஒரு ஸ்பனர் மேலேயிருந்து வந்து, எனக்கு ரெண்டு முழம் தள்ளிச் சேற்றில் குத்தி நின்றது.

"கீழ ஆரு?"

சத்தம் வானத்திலிருந்து வந்தது. திறப்பை நிறுத்தும் பக்கம் திரும்பத் திருப்பினேன்.

அவர் இறங்கி வருவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தார். அந்த நேரம் முழுவதும், ரெண்டு மடங்கு காற்றுக்கு எட்டு மடங்கு பலம் என்ற கணக்கு என் தலைக்குள் கிறுகியது. கீழே வந்ததும் முதலில் ஸ்பனரைப் பிடுங்கித் துடைத்துப் பைக்குள் போட்டார். எண்ணினார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"சேரா?"

"நீங்க பள்ளிக்குப் போயிட்டீங்க எண்டு நினைச்சன். மோட்டார் சைக்கிளும் இல்ல."

"அது கராஜில. பஸ்சிலதான் வந்த. அஞ்சு போல்ட் மிச்சம் இரிந்த. அரைவாசியில வுட்டுட்டுப் போனா தொழுகையில மனசு நிக்காது." சிப்பைத் திறந்து தன் திறப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு பெட்டியில் செருகியிருந்த என் திறப்பைப் பார்த்தார். "இது எங்கால வந்த?"

"பிரதி."

அவர் தலையை ஆட்டினார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சத்தத்துக்குப் பதில் சொல்லிப் பழகியவன் நான்.

"மேல அச்சுக்குக் குறுக்கால இரும்பு முளை இறக்கிப்போட்டுத்தான் கை வெக்கிற. அது தாங்கிட்டு" என்றார். வலது பெருவிரலைத் திருப்பிக் காட்டினார். நகம் கறுத்துக்கொண்டு வந்தது. "ஒரு சாண் போனதுக்கு இது. முளை இல்லாட்டி முழுக்கையும்."

ஜும்ஆ தவறிவிட்டது. ஐஸ் ஆலையின் மூலையில் பாய் போட்டு லுஹர் தொழுதார். வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். மூன்று கிறுகியது, ஒன்று நின்றது. அவர்கள் வாவியில் நின்ற கொக்குகளைப் படம் எடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று பின்னேரமே அறிக்கை எழுதினேன். அது எனக்குக் கைவந்த கலை. 'இரண்டாம் இயந்திரத்தில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக, பராமரிப்பு வேளையில் செட்டைகள் சிறிது அசைந்தன. பெரும் பாதிப்பு இல்லை.' பொதுக்கூட்டத்தில் இதை வாசித்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் முடியும். உண்மையை எழுதினால் செயலாளர் பதவியும், ஊரில் முப்பத்தாறு வருடமாகச் சேர்த்த மரியாதையும் போகும். பாதிக்கப்பட்டவர் கையொப்பத்துக்காக அவரிடம் கொடுத்தேன்.

ரெண்டு முறை வாசித்தார்.

"மிஷின்ல பிழ இல்ல சேர்."

"இது ஒரு வழமையான வசனம் தம்பி."

"மிஷின் சொன்னதச் செஞ்சிரிக்கி. ஓடு எண்டு திருப்பினீங்க, ஓடப் பாத்த. நீங்க இப்படி எழுதினா இந்த மிஷின் தன்ட பாட்டுல கிறுகும் எண்டு எல்லாரும் நம்புவாங்க. எனக்குப் பொறவு ஏறுற ஆள் மிஷினுக்குப் பயப்படும். மேல போய்க் கை நடுங்கும். பயப்பட வேண்டியது மிஷினுக்கு இல்லையே."

இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார். அது அவருடைய மரியாதை.

"அப்ப என்ன எழுதச் சொல்றீங்க?"

"நடந்தத."

"நடந்தத எழுதினா என்ர பதவி போகும்."

"போனாலும் நீங்க உசிரோட இரிப்பீங்க சேர்."

அறிக்கை கையொப்பம் இல்லாமலே என் மேசைக்குத் திரும்பி வந்தது. ரெண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய மிகச் சின்ன அறிக்கை அதுதான். ஆள் மேலே இருக்கும்போது, அவருக்குத் தெரியாமல் நான் வெட்டி வைத்திருந்த பிரதித் திறப்பால், விசாரிக்காமல், நான் இயந்திரத்தை ஓட்டினேன். இயந்திரத்தில் பிழை இல்லை. அவர் வாசித்துவிட்டுக் கையெழுத்தை, வழக்கம்போல, மூலையில் வைத்தார்.

பொதுக்கூட்டத்தில் அதை எழுந்து நின்று வாசித்தேன். தலைவர் இருமினார். பின் வரிசையிலிருந்து சாமித்தம்பி எழும்பினார்.

"அப்ப ஐயா, மிஷின் நல்லம், செயலாளர்தான் பழுது எண்டு எழுதிக்குவமா?"

மண்டபம் சிரித்தது. எழுதிக்கொள்ளும்படி சொன்னேன். கூட்ட அறிக்கையில் அது இன்னும் இருக்கிறது, என் கையெழுத்தில்தான். பதவி போகவில்லை. மன்னித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. கூட்ட அறிக்கை எழுத வேறு ஆள் இல்லை.

அடுத்த நாள் காலை அவர் ஒரு அரத்தோடு வந்து பிரதித் திறப்பைக் கேட்டார். வாவியில் எறிந்துவிடலாம் என்றேன்.

"இருப்புப் புத்தகத்துல ஏத்திட்டீங்கதானே. எறிஞ்சா ஒடிட்டுக்காரனுக்கு என்ன சொல்லுவீங்க?"

என் புத்தகத்தை அவர் எப்போது படித்தார் என்று தெரியவில்லை. ஐஸ் ஆலையில் இருந்த இடுக்கியில் திறப்பைப் பூட்டி, கறுத்த நகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு ராவினார். பித்தளைத் தூள் கச்சானில் பறந்தது. முடித்துவிட்டுக் கையில் தந்தபோது திறப்பு சுட்டது.

"கொழுவி வெச்சிக்கங்க. ஒங்கட விதிக்கும் சரி, என்ட விதிக்கும் சரி."

அந்த நகம் வளர்ந்து வெளியேறும்வரை நான் அதைக் கவனித்தேன். ஒவ்வொரு மாதமும் கறுப்பு கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்தது. வாடைக்காற்று தொடங்கிய ஒருநாள் என் மேசைக்கு முன்னால் இருந்து, நகம்வெட்டியால் கடைசிக் கறுப்பை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"பாத்துக்கொண்டே இரிந்தீங்க என்ன?"

"ஓம்."

"முடிஞ்சிது சேர்."

பிறகு ஒரு வருடம் கழித்து ஓமானுக்குப் போனார். பிள்ளைகளின் படிப்பு. இப்போது ஏறுவது பழுகாமத்துப் பெண் ஒருவர். அவருக்கு மூன்று வாரம் வேலை காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் காக்கா போனார். அந்தப் பெண் மேலே ஏறும்போது போடும் காற்சட்டையிலும் சிப் வைத்த பை ஒன்று இருக்கிறது. கேட்கவில்லை, பார்த்தேன்.

காக்கா இடைக்கிடை தொலைபேசியில் வருவார். போன கிழமையும் வந்தார். நான் மேசையில் இருந்தேன். பலகையில் முப்பத்தோராம் இலக்கம் தன் ஆணியில் தொங்கியது. அதற்குப் பக்கத்தில், நிறுத்தியிருந்த மூன்றாம் இயந்திரத்தின் ஆணியும் வெறுமையாக இருந்தது. யன்னலுக்கு வெளியே மூன்று கிறுகியது, ஒன்று நின்றது.

"சேர், சுகமா? அந்தப் புள்ளையோட கதைக்கோணும். இரிக்காவா?"

"இருக்கிறா."

"திறப்பு எங்க?"

ஆணியைத் திரும்பவும் ஒருமுறை பார்த்தேன். "மேல."

"அப்ப பொறவு எடுக்கன்" என்று வைத்துவிட்டார்.